பூட்ஸைக் கழற்றச் சொல்லவில்லை

போன மாதம், புதிதாக வேலைக்குச் சேர்ந்த கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. முப்பத்து மூன்று வருடம் இதே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்று என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். போனால், எல்லோர் கையிலும் அச்சடித்த தாள் ஒன்று. ஆதரவற்றவர்களுக்கு நேரும் கொடுமைகளை எப்படிக் கண்டறிவது என்று தலைப்பு. அதற்குக் கீழே கட்டம் கட்டமாக: அடிப்பது, திட்டிப் பயமுறுத்துவது, பாலியல் தொல்லை, சொத்தைப் பிடுங்கிக்கொள்வது, கவனிக்காமல் விடுவது, யாரோடும் பழகவிடாமல் அடைத்து வைப்பது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆம், இல்லை. எங்கள் காலத்தில் இப்படி ஒரு தாள் இல்லை. அதையே சாக்காகச் சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் அந்தத் தாள் கையில் இருந்திருந்தாலும், செல்வி என்ற பெண்ணின் விஷயத்தில் நான் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்றுதான் டிக் அடித்திருப்பேன்.

ஒரு பெண் எழுந்து, “மேடம், உங்க சர்வீஸ்ல நீங்க கண்டுபுடிச்ச கேஸ் ஒண்ணு சொல்லுங்க” என்று கேட்டாள். சொன்னேன். கை தட்டினார்கள். டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். கண்டுபிடிக்காத கேஸை யாரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு அது மனசைப் போட்டு அரித்துக்கொண்டே இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் சேலம் அம்மாபேட்டைக்காரி, தறிக்காரர் மகள். ஒன்றரை வருடப் பயிற்சியில் ஊசி போடவும், பிரசவம் பார்க்கவும், பதிவேடு எழுதவும் கற்றுக்கொண்டு ஜலகண்டாபுரம் பக்கம் முதல் வேலைக்குப் போனேன். அங்கே எங்களுக்கு மேற்பார்வைச் செவிலியராக இருந்தவர் மரகதம் அம்மா. அவருக்கு யாரையும் பிடிக்காது. எங்களைச் சுத்தமாகப் பிடிக்காது. டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவார், கையில் கறுப்புக் குடை, தோளில் ஒரு பை, பைக்குள் அவருக்கான தண்ணீர் பாட்டில். எந்த வீட்டிலும் உட்கார மாட்டார், ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார். “இன்னைக்கு இவங்க காப்பியக் குடிச்சுட்டா நாளைக்கு இவங்களயே கேள்வி கேக்க நமக்கு வாய் வருமா?” என்பார். திமிர் பிடித்த பொம்பளை என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வோம்.

அவர் எங்களைப் படுத்திய பாடுகளில் ஒன்று டைரி. ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே பென்சிலால் ஒரு கோடு போடச் சொல்வார். கோட்டுக்கு இடப்பக்கம் நாங்கள் கண்ணால் பார்த்தது, வலப்பக்கம் வீட்டுக்காரர்கள் சொன்னது. மாதக் கடைசியில் எல்லா டைரியையும் அடுக்கி வைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவும் கையுமாக உட்காருவார். “குழந்தை நல்லாப் பால் குடிக்குதுன்னு எழுதியிருக்கியே, குடிச்சத நீ பாத்தியா?” “இல்லீங்கம்மா, அவங்க சொன்னாங்க.” “அப்புறம் ஏன் இந்தப் பக்கம் எழுதுன?” சிவப்பால் அடித்துவிட்டு டைரியைத் தள்ளிவிடுவார். கண்ணில் தண்ணீர் வராமல் அந்த அறையை விட்டு வெளியே வந்தவர்கள் குறைவு.

ஜலகண்டாபுரத்தில் ஒரு தறிக்காரர் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகக் கிடந்தார். அவர் மனைவி திட்டுகிற திட்டு தெருமுனை வரைக்கும் கேட்கும். “எப்பத்தான் போய்ச் சேருவியோ, என் உசுர வாங்கறதுக்குன்னே கெடக்கற” என்று காலையில் ஆரம்பித்தால் தறிச் சத்தத்தையும் மீறி ஓடிக்கொண்டிருக்கும். எனக்கு ரத்தம் கொதித்தது. கணவரைக் கொடுமைப்படுத்துகிறார் என்று டைரியில் எழுதி, அடிக்கோடும் போட்டேன். மறுவாரமே மரகதம் அம்மா வந்து நின்றார். அந்த அம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேரே படுக்கைக்குப் போய்த் தலையணையை முகர்ந்து பார்த்தார். மனிதரின் வாயைத் திறந்து நாக்கைப் பார்த்தார், நகங்களைப் பார்த்தார். “அந்தப் பக்கம் புடிம்மா” என்று மனைவியையே பிடிக்கச் சொல்லிப் புரட்டிப் போட்டு முதுகையும் இடுப்புக்குக் கீழேயும் பார்த்தார். கடைசியாகக் குதிகால் இரண்டையும் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். படுக்கைப் புண்ணுக்கான ஒரு சிவப்புத் தடம்கூட இல்லை. தேங்காய் எண்ணெய் தடவிய தோல். புரட்டும்போதும் அந்த அம்மாவின் வாய் ஓயவில்லை: “பாத்துத் திருப்புங்க, அந்தத் தோளு அவருக்கு வலிக்கும்.”

வெளியே வந்ததும் என் டைரியை வாங்கி அந்த வரியைச் சிவப்பால் அடித்தார். “குதிகாலப் பாத்தியா நீ?” என்றார். இல்லை என்றேன். “பாக்காம எழுதாத.” அவ்வளவுதான்.

கல்யாணத்துக்குப் பிறகு மாறுதல் வாங்கிக்கொண்டு நாமக்கல் பக்கம் வந்தேன். என் வீட்டுக்காரர் கோழித்தீவன மில் ஒன்றில் சூப்பர்வைசர். மரகதம் அம்மா ஓய்வு பெற்றுப் போனார். பென்சில் கோடும் அவரோடு போயிற்று. அதற்குப் பிறகு வந்த பதிவேடுகளில் எல்லாம் அச்சடித்த பத்திகள்தான். ஒரு பத்தியில் தேதி, ஒரு பத்தியில் மாத்திரை, கடைசியில் ‘நலம்’ என்று எழுத ஒரு விரற்கடை இடம். எனக்கு அது ரொம்ப வசதியாக இருந்தது.

இந்தப் பக்கத்து மனிதர்களும் எனக்கு வசதியாகவே இருந்தார்கள். அம்மாபேட்டையில் காலையில் தெருவே வேடிக்கை பார்க்கச் சண்டை போடுவார்கள், சாயங்காலம் ஒன்றாக நின்று தறிக்குப் பாவு நூல் ஓட்டுவார்கள். இங்கே வீடுகள் தோட்டத்துக்கு ஒன்றாகத் தனித்தனியே நிற்கும். உள்ளே என்ன பேசினாலும் வெளியே கேட்காது. வெளியே பேசுகிற பேச்சோ அத்தனை மரியாதை. நாய்க்குட்டியைக்கூட ‘வாங்க சாமி’ என்று கூப்பிடுவார்கள். இப்படிப் பேசுகிற வீட்டில் என்ன தப்பு நடந்துவிடப் போகிறது என்று எனக்குள் ஒரு நினைப்பு எப்படியோ வந்து உட்கார்ந்துகொண்டது. அது என் புத்திகெட்டத்தனம்.

செல்வி, தங்கவேல் என்பவரின் தங்கை. அவருக்கு மூன்று கொட்டகை வைத்த முட்டைக்கோழிப் பண்ணை. செல்விக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சு வராது, பள்ளிக்கூடம் போனதில்லை. வலிப்பும் உண்டு. அதற்கு மாதாமாதம் நான் மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தாய் தகப்பன் இல்லாத தங்கையைக் கூடவே வைத்திருக்கிறார் என்று ஊரில் தங்கவேலுக்கு நல்ல பெயர். அவர் மனைவி சாந்தாமணி, சிரித்த முகம் மாறாதவர்.

பண்ணைக்குப் போவதற்கு முதல் நாள் போன் பண்ணுவேன். “நாளைக்குப் பதினோரு மணிக்கு வாரேனுங்க.” சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பது மரியாதையில்லை என்பது என் எண்ணம். கேட்டில் ‘வெளியாட்கள் உள்ளே வரக் கூடாது’ என்று போர்டு தொங்கும். உள்ளே கால் வைக்கிற இடத்தில் சுண்ணாம்புத் தூள், அதையொட்டி ரோஸ் நிறத்தில் மருந்துத் தண்ணீர் நிறைந்த தொட்டி. ஒருத்தர் செருப்பில் ஒட்டிவருகிற நோய் ஒரு கொட்டகைக் கோழியையே காலி செய்துவிடும் என்று என் வீட்டுக்காரர் வீட்டில் சொல்லிக்கொண்டே இருப்பார். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்ற மிதப்பு. முதல் தடவை தங்கவேல் தயங்கித் தயங்கி, “உள்ள வாங்கன்னு கூப்புடத்தான் ஆசைங்க சிஸ்டர், பக்கத்துப் பண்ணைல கோழிக்கு வெள்ளக்கழிச்சலுங்க…” என்று இழுத்தபோது நானே முந்திக்கொண்டேன். “அட, எனக்குத் தெரியாதுங்களா? எங்க ஊட்டுக்காரரும் தீவன மில்லுதானுங்க. நான் கேட்டுக்கு வெளியவே நின்னுக்கறேனுங்க.” அவர் முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த மூன்று வருடம் நான் அந்தக் கேட்டைத் தாண்டவே இல்லை.

கேட்டுக்கு வெளியே புங்க மரத்தடியில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடுவார்கள். மோர் வரும். குடிப்பேன். சாந்தாமணி செல்வியின் கையைப் பிடித்துக் கூட்டிவருவார். குளித்து, பவுடர் பூசி, தலையில் கனகாம்பரம் வைத்து, பச்சைச் சேலை கட்டி, காலில் முழங்கால் வரைக்கும் கறுப்பு ரப்பர் பூட்ஸ் போட்டு வருவாள். பண்ணைக்குள் நடமாடுகிறவர்கள் எல்லோரும் அந்த பூட்ஸ்தான் போடுவார்கள். நான் நாடி பார்ப்பேன், பிரஷர் பார்ப்பேன், கண் இமையை இழுத்துப் பார்ப்பேன், நகம் பார்ப்பேன். நகமெல்லாம் வெட்டிச் சுத்தமாக இருக்கும். கேள்விகளைச் செல்வியைப் பார்த்துக் கேட்பேன், பதில் சாந்தாமணி சொல்வார். “சோறு நல்லா உண்ணுதுங்க. நல்லாத் தூங்குதுங்க.” செல்வி என்னைப் பார்க்க மாட்டாள். அண்ணி முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவள் நடை மட்டும் ஒரு மாதிரி இருந்தது, சுடுமணலில் நடக்கிற மாதிரி. ஒரு தடவை கேட்டேன். “பூட்ஸு கொஞ்சம் பெருசாப் போச்சுங்க” என்றார் சாந்தாமணி. “அடுத்த தடவை ஒரு சைஸ் கம்மியா வாங்கிக் குடுங்க” என்று நான் யோசனை சொன்னேன். கழற்றிக் காட்டச் சொல்லவில்லை. பண்ணை வாசலில் பூட்ஸைக் கழற்றச் சொன்னால் பண்ணை நடத்தத் தெரியாதவள் என்று நினைத்துவிடுவார்களே என்று எனக்கு. குதிகாலைப் பார்க்கச் சொல்லித் தந்த மரகதம் அம்மா நினைவுக்கே வரவில்லை.

இன்னொரு நாள் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மாத்திரை கொடுத்துவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன். செல்வி கையை உதறிக்கொண்டு ஓடிவந்து பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். என் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். நான் சிரித்தேன். “வண்டில ஒரு ரவுண்டு போகோணுமாட்டங்குது” என்று சாந்தாமணியும் சிரித்தார். “எறங்கு சாமி, சிஸ்டருக்கு வேல இருக்குதல்லோ” என்று சொல்லிக்கொண்டே என் வயிற்றின் மேல் கோத்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். சிரித்த முகம் மாறவில்லை, ஆனால் கடைசி விரலைப் பின்பக்கமாக மடக்கித்தான் எடுத்தார். அது என் கண்ணில் பட்டது. நான் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்து பதிவேட்டில் ‘நலம்’ என்று எழுதினேன். அன்றைக்கு நான் வண்டியை நிறுத்தியிருந்தால் போதும். இன்றைக்கும் சாப்பிட உட்கார்ந்தால் சில நாள் அந்தப் பிடி இடுப்பில் இருக்கிற மாதிரி இருக்கும்.

ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும்போது கண்புரை அறுவைக்காக ஒரு மாதம் லீவு போட்டேன். எனக்குப் பதிலாக வந்தது நிர்மலா என்ற சின்னப் பெண், ஆத்தூர்க்காரி. கோழிப் பண்ணையைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. தங்கவேலின் போன் நம்பரும் தெரியாது. பண்ணைக்குப் போய்விட்டு அன்றைக்கே நேராக என் வீட்டுக்கு வந்தாள். நான் கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தேன்.

“மேடம், முட்டை லாரி லோடு ஏத்திக்கிட்டு இருந்தாங்க, கேட்டு தெறந்து கெடந்துச்சி. நான்பாட்டுக்கு உள்ள போயிட்டேன் மேடம். மூணாவது ஷெட்டுக்குப் பின்னால முட்டை அட்டை அடுக்கற ரூம்பு. வெளிய தாப்பா போட்டிருந்துச்சி. உள்ளேர்ந்து யாரோ தட்டுற சத்தம்.”

“திறந்தியா?”

“தெறந்தேன். தீவனச் சாக்கு மேல உக்காந்திருக்குறாங்க. பூட்ஸக் கழட்டி வெச்சிருந்தாங்க. கால்ல வெரலுக்கு வெரலு புண்ணு மேடம். எச்சத்து ஈரத்துலயே நின்னு நின்னு வெந்து போயிருக்குது. ரெண்டு வெரலு கறுத்துப் போச்சி. அங்கயேதான் படுக்குறாங்க, அங்கயேதான் சாப்புடுறாங்க. விடியறதுக்கு முன்னாடி தெறந்து விட்டா முட்டை பொறுக்கணும், மறுபடி பூட்டிருவாங்கன்னு லாரிக்காரர் சொன்னாரு. செவுத்துல ஒரு பை தொங்குச்சி மேடம். அதுக்குள்ள ஒரு பச்சைச் சேலை, பவுடர் டப்பா, சீப்பு. அந்த ரூம்புலயே அது மட்டுந்தான் சுத்தமா இருந்துச்சி.”

மூன்று வருடமாக எல்லா மாதமும் அதே பச்சைச் சேலைதான். தறிக்காரர் மகளுக்குச் சேலை அடையாளம் தெரியாமல் இருக்குமா? தெரிந்தது. செல்விக்குப் பிடித்த சேலை போல என்று நினைத்துக்கொண்டேன். நிர்மலா போன பிறகு கண்ணில் தண்ணீர் விடக் கூடாது என்று டாக்டர் சொன்னதையும் மறந்து அழுதேன்.

நிர்மலா அன்றைக்கே மேலே தகவல் சொல்லி ஆம்புலன்ஸையும் வரவழைத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் செல்வியின் இடது காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். விசாரணை முடியும்வரை ஓமலூர்ப் பக்கம் ஒரு காப்பகத்தில் தங்கவைத்தார்கள். தங்கவேல் தங்கையைத் திருப்பி அனுப்பச் சொல்லி மனு கொடுத்தார். ‘ஒரு நாள் அடித்ததில்லை, ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. சேற்றுப்புண் பண்ணையில் எல்லோருக்கும் வருவதுதான். வலிப்பு வந்து தொட்டியில் விழுந்துவிடக் கூடாது என்றுதான் கதவைப் போட்டோம். மாதாமாதம் அரசாங்கச் செவிலியரே வந்து பார்த்திருக்கிறார்’ என்பது அவர் கட்சி. அதற்கு ஆதாரம் என் பதிவேடு. மூன்று வருடம், ஒரு மாதம் தவறாமல் நலம், நலம், நலம். கீழே என் கையெழுத்து.

எங்கள் வட்டார மருத்துவ அலுவலர் நல்ல மனிதர். கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். “சிஸ்டர், ரிட்டயர் ஆகப் போற நேரம். பரிசோதிச்சேன், வெளிப்படையாக் காயம் எதுவும் இல்லேன்னு சொல்லீருங்க. அது பொய்யில்லையே?” பொய்யில்லைதான். வெளியே தெரிகிற இடத்தில் காயம் இல்லை. ஆனால் நான் அப்படிச் சொன்னால் செல்வி திரும்ப அந்த அறைக்குத்தான் போவாள் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். இதை மறைக்க விரும்பவில்லை. அன்றைக்கு அப்படித்தான் சொல்வதாக இருந்தேன்.

விசாரணைக்கு முந்தின வாரம் ஓமலூருக்குப் பஸ் ஏறினேன். எதற்குப் போனேன் என்று இப்போதும் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. ஒருவேளை அவள் சிரித்துவிட்டால் என் மனசு ஆறும் என்று நினைத்திருப்பேன். காப்பகத்தில் சைகை மொழி சொல்லிக்கொடுக்கும் டீச்சர் ஒருவர் செல்வியோடு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் செல்வி எழுந்து நின்றாள். கையைக் காதில் வைத்தாள், பிறகு தலையில் தண்ணீர் ஊற்றுவது போலக் காட்டினாள், பிறகு முகத்தில் எதையோ தடவினாள். திரும்பவும் முதலிலிருந்து அதையே செய்தாள்.

“தெரிஞ்ச ஆளு ஒவ்வொருத்தருக்கும் அவளே ஒரு சைகை வெச்சிருக்கறா. அவங்கண்ணனுக்கு மீசை. நிர்மலா சிஸ்டருக்குக் கதவத் தெறக்கற மாதிரி காட்டுவா. உங்களுக்கு ஏன் போன் வருது, குளிக்கறது, பவுடர் போடறதுன்னு காட்டறான்னுதான் தெரியல” என்றார் டீச்சர்.

எனக்குத் தெரிந்தது. அவர்களுக்குச் சேலை மாற்ற நேரம் கொடுத்தது நான். மரியாதை என்று நினைத்து மாதாமாதம் முதல் நாளே தகவல் சொல்லி, மறைக்க வேண்டியதை மறைத்துக்கொள்ள வழி செய்து கொடுத்தது நான். செல்வி என் முன்னால் நின்று இரண்டு கையையும் நீட்டி நகத்தைக் காட்டினாள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் கையை இறக்கவில்லை, நான் பார்த்து முடிக்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

நாமக்கல்லில் விசாரணை நடந்த அறையில் தங்கவேலும் சாந்தாமணியும் எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். விசாரணை அலுவலர் ஒரு அம்மா. பதிவேட்டை விரித்து என் பக்கம் திருப்பிவைத்தார்.

“இது உங்க கையெழுத்துதானே?”

“ஆமாங்க.”

“நலம்னு எழுதியிருக்கீங்க. பாதத்தப் பாத்தீங்களா?”

“இல்லீங்க.”

“ஒரு தடவைகூட?”

“ஒரு தடவைகூடப் பாக்கலீங்க. பூட்ஸக் கழட்டச் சொல்லல. அவ படுக்கற எடத்தப் பாக்கல. கேட்டுக்கு உள்ளயே போனதில்லீங்க. முன்கூட்டிப் போன் பண்ணிட்டுத்தான் போவேன். அவங்க தயார் பண்ணி நிறுத்துனத மட்டும் பாத்துட்டு வந்தேன். அந்தப் பதிவேட்ட நம்பி அவள அங்க அனுப்பீராதீங்க.”

வட்டார மருத்துவ அலுவலர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் சொன்னதை எழுதிப் படித்துக் காட்டினார்கள், கையெழுத்துப் போட்டேன். பிறகு எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அது நியாயம்தான். செல்வி காப்பகத்திலேயே இருக்கலாம் என்று உத்தரவாயிற்று. தங்கவேல் மேல் போட்ட வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. தைரியமாகச் சொன்னாய் என்று சிலர் என்னைப் பாராட்டினார்கள். மூன்று வருடம் பார்க்காமல் விட்ட காலைப் பற்றி, விரல் போன பிறகு பேசுவதற்குப் பெயர் தைரியமா?

அன்றைக்கு வெளியே வந்து வராந்தாவில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். பின்னாலேயே தங்கவேல் வந்தார். கத்துவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“பஸ் ஸ்டாண்டுக்குங்களா சிஸ்டர்? வெயில் கடுசா இருக்குதுங்க. வாங்க, கார்ல எறக்கி உட்டர்றனுங்க” என்றார். சாந்தாமணி எனக்காகக் கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார், அதே சிரித்த முகம்.

அந்தப் பெண்ணை என்ன செய்து வைத்திருந்தீர்கள் என்று அவர்கள் முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தொண்டை வரை வந்தது.

“பரவால்லீங்க, நீங்க போங்க” என்றேன். என்னை அறியாமல் நானும் சிரித்திருந்தேன்.